கார் குலுங்கினால் பவர் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தில் போன வாரம் காரை மாடிஃபை செய்வது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவரைக் கூட்டுவது), எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன் என்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: இன்ஜினை பாடியோடு பிடித்துவைக்கிற ரப்பர் பாகமான இன்ஜின் மவுண்டிங்கையும் கெட்டியானதாக மாற்றிவிட்டால் பவர் வீணாகாமல் சக்கரத்துக்குப் போகுமாம், உள்ளே கொஞ்சம் அதிர்வு தெரியுமாம், அது பழகிவிடுமாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போய்விட்டது. இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கு வரும் இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் 26 வருஷம் வேலை பார்த்தவன். பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்து குவாலிட்டி செக்‌ஷனில் ரிட்டயர் ஆனேன். இன்ஜினியரிங் படித்தவன் கிடையாது. ஆனால் ஒரு மவுண்டிங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் அதன் கெட்டித்தன்மையை, அதாவது ஹார்ட்னஸை, ஐந்து புள்ளி முன்னே பின்னே சொல்லிவிடுவேன், அந்த அளவுக்கு ரப்பரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

விஷயம் என் அக்கா மகன் வண்டியில் ஆரம்பித்தது. 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, செகண்ட் ஹேண்டில் வாங்கினான். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், நான்கு சிலிண்டர், கம்பெனியிலிருந்து வரும்போதே 105 குதிரைசக்தி. நல்ல வண்டி. வாங்கிய மூன்றாவது மாசமே ரீமேப் செய்துவிட்டான், அதற்கப்புறம் சிக்னலில் அழுத்தி எடுத்தால் முன்சக்கரம் தடதடவென்று துள்ளுகிறது என்று ஒரு கடைக்குப் போனான். அங்கே என்ன தேய்ந்திருக்கிறது, எது ஆடுகிறது என்று எதையும் பார்க்காமல், மேலே இருக்கிற இரண்டு மவுண்டிங், கீழே இன்ஜினைப் பிடித்திருக்கிற டாக்போன் என்கிற குட்டைக் கை, மூன்றையும் ஒரே நாளில் கழற்றிவிட்டு, பாலியூரிதேன், சுருக்கமாகப் பாலி என்கிற ரப்பர் மாதிரியான கெட்டிப் பொருளில் செய்த மவுண்டுகளைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது, சிவப்புக் கலர், மிட்டாய் மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அவன் ஓட்ட, அக்கா முன்சீட்டில், நான் பின்னால். பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் எத்தனை இடத்தில் நிற்கவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். வண்டி ஓடும்போது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நின்றால் போதும், ஆரம்பித்துவிடும். சீட், ஸ்டியரிங், கதவுக் கைப்பிடி, காலடியில் மிதியடி என்று எல்லாம் உறுமும், ஏசி கம்ப்ரசர் சேரும்போது இன்னும் ஒரு படி ஏறும். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நிற்கிற பஸ்ஸின் போர்டில் எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது, டேஷ்போர்டுப் பிள்ளையார் தும்பிக்கையோடு சேர்ந்து நடுங்குகிறார். அக்கா மடியில் வைத்திருந்த தாம்பாளம் சலங்கை கட்டிய மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது.

"டேய், இது காரா கிரைண்டரா?" என்றாள் அக்கா.

"ஸ்டிஃப் மவுண்ட்மா. பவர் ஃபுல்லா ரோட்டுக்குப் போகுது, அதான். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்னு கடையில சொன்னாங்க."

"ரோட்டுக்குப் போறது எதுக்குடா என் பல்லுக்கு வருது?"

ஆசிரியர் அவர்களே, எட்டாவது வரை படித்த என் அக்கா கேட்ட இந்தக் கேள்வியைத்தான் கட்டுரை எழுதியவர் கேட்டிருக்க வேண்டும்.

மவுண்டிங்குக்கு இரண்டு வேலை, இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கிற வேலை. கியர்பாக்ஸோடு சேர்த்து நூற்றைம்பது கிலோ வாக்கில் வரும் இன்ஜினை அது நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கெட்டியாக இருக்கவேண்டும். அந்த இன்ஜின் போடுகிற ஆட்டத்தை பாடிக்குள் விடாமல் தடுக்கவும் வேண்டும், அதற்கு மெத்தென்று இருக்கவேண்டும். போலோ மாதிரி முன்சக்கர வண்டிகளில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மேலே இரண்டு மவுண்டிங்கில் இன்ஜினை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டு, ஊஞ்சல் முன்னும் பின்னும் வீசாமலிருக்கக் கீழே ஒரு குட்டைக் கையால் பிடித்துவைப்பார்கள். அந்தக் கை பார்க்க நாய் கடிக்கிற எலும்பு மாதிரி இருப்பதால் டாக்போன் என்று பெயர். எடையைத் தாங்குவதும் அதிர்வை வாங்குவதும் மேலே இருக்கிற இரண்டின் வேலை, அழுத்தி எடுக்கும்போது இன்ஜின் பின்னால் சாய்வதைப் பிடிப்பது பெரும்பாலும் கீழே இருப்பதன் வேலை. இந்தப் பிரிவினையை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறேன்.

இப்போது கணக்கு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும், ஆகவே எல்லாம் சமமாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆகாது. பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து போவதால் பிஸ்டன் மேலே திரும்புகிற வேகமும் கீழே திரும்புகிற வேகமும் ஒன்றாக இருக்காது, அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை இன்ஜின் மேலும் கீழுமாக உதறும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பெட்ரோல் எரிகிற அடியும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, 750 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 750 சுற்று) என்று வையுங்கள், விநாடிக்கு 12.5 சுற்று, அதாவது விநாடிக்கு 25 உதறல்.

இனி ஒரு பூட்டையும் ரப்பர் பேண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கம்பெனியில் டிசைன் பார்த்த ஒரு சார் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு இதைத்தான் செய்து காட்டுவார். பூட்டை ரப்பர் பேண்டில் தொங்கவிட்டு கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் பூட்டும் கூடவே அசையும். கொஞ்சம் வேகம் கூட்டினால் ஓரிடத்தில் பூட்டு பைத்தியம் பிடித்த மாதிரிக் குதிக்கும், கை அசைவது ஒரு அங்குலம் என்றால் பூட்டு நான்கு அங்குலம் போகும், அது அந்தப் பூட்டுக்கும் ரப்பருக்கும் உரிய சொந்தத் தாளம். இன்னும் வேகமாக அசைத்துப் பாருங்கள், கை படபடவென்று ஆடும், பூட்டு அப்படியே அந்தரத்தில் நிற்கும். மவுண்டிங்கின் ரகசியம் முழுக்க இந்த மூன்றாவது நிலைதான். காரில் ஆடுவது இன்ஜின், அசையாமல் நிற்கவேண்டியது நாம் உட்கார்ந்திருக்கிற பாடி, மற்றபடி அதே கதை. உதறலின் வேகம் சொந்தத் தாளத்தைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் தடுப்பு தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் மவுண்டிங் அதிர்வைத் தடுக்காது, கூட்டித்தான் கொடுக்கும்.

மெத்தென்ற மவுண்டிங்கில் இன்ஜினின் சொந்தத் தாளம் விநாடிக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். ஐடில் உதறல் 25, இரண்டரை மடங்கு. கணக்குப் போட்டால் அதிர்வில் ஐந்தில் ஒரு பங்குதான் பாடிக்குப் போகும். மவுண்டிங்கின் விறைப்பை மூன்று மடங்காக்கினால் தாளம் 17-க்கு ஏறிவிடும், பத்தில் ஒன்பது பங்கு அதிர்வு அப்படியே உள்ளே வரும். நான்கு மடங்காக்கினால் தாளம் 20, இப்போது 1.4-ஐ விடக் கீழே வந்துவிட்டோம், இன்ஜின் தருவதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு உள்ளே வரும். அதிர்வை விழுங்குகிற தன்மையைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது, நிஜத்தில் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போகிற திசை மாறாது. அதாவது, மவுண்டிங்கே இல்லாமல் போல்ட் போட்டு முறுக்கியிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்கிற நிலைமை ஐடிலில் வரமுடியும்.

சரி, மூன்று நான்கு மடங்கெல்லாம் யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். இங்கேதான் ஷோர் நம்பர் ஆளை ஏமாற்றும். ரப்பர் ஹார்ட்னஸை ஷோர் ஏ என்ற அளவில் 0 முதல் 100 வரை சொல்வோம். கம்பெனி மவுண்டிங் ரப்பர் பெரும்பாலும் 45 முதல் 60-க்குள் இருக்கும், கடையில் விற்கும் பாலி 70-இலிருந்து 95 வரை போகும். 50 என்பதை 70 ஆக்கினால் ஏதோ நாற்பது சதவீதம் கூடுகிற மாதிரித்தானே கேட்கிறது? ஆனால் ரப்பரில் 50-க்கும் 70-க்கும் நடுவில் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். போதாததற்குக் கம்பெனி மவுண்டிங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே வேண்டுமென்றே இடைவெளி விட்டு வார்த்திருப்பார்கள், முதல் சில மில்லிமீட்டர் லேசாக ஆடவிட்டு அதற்கப்புறம் ஸ்டாப்பரில் முட்டி நிற்கட்டும் என்று. மாற்றாக வருவது பல சமயம் முழுக்கக் கெட்டியான கட்டை. ஹார்ட்னஸ் ஒரு பக்கம் ஏற, வடிவம் இன்னொரு பக்கம் ஏற, மடங்கு எங்கேயோ போய்விடும். சில வண்டிகளில் ஒரு மவுண்டிங்குக்குள் கிளைக்கால் என்ற திரவம் நிரப்பி, இரண்டு அறை வைத்து, சின்ன வழியில் அது போய்வருகிற மாதிரி செய்திருப்பார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டை போடுவதைப் பார்த்தால், அதை யோசித்துச் செய்தவர்களை நினைத்து வயிறு எரிகிறது.

காஞ்சிபுரத்திலிருந்து திரும்பிய அன்று ராத்திரியே பரணில் கிடந்த என் பழைய ஷோர் மீட்டரை எடுத்து, டிக்கியில் போட்டு வைத்திருந்த பழைய மவுண்டிங்கில் அழுத்தினேன். 55. பானட்டைத் திறந்து சிவப்பு மிட்டாயில் அழுத்தினேன். 85. வளைந்த இடத்தில் மீட்டர் சரியாக உட்காராது, ஓரிரு புள்ளி தப்பாக இருக்கலாம், இருந்தாலும் 55 எங்கே 85 எங்கே. மருமகன் முகத்தைப் பார்த்தேன். "மாமா, பாக்ஸ்ல நம்பர் எதுவும் போடல" என்றான். போடமாட்டார்கள்தான். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, நிறப்பொடி கலந்தால் எந்த ஹார்ட்னஸையும் எந்த நிறத்திலும் வார்க்கலாம்.

அப்படியானால் கடைக்காரர் டெஸ்ட் டிரைவ் காட்டியபோது ஏன் தெரியவில்லை? ஓடுகிற வண்டியில் இன்ஜின் 2,000-த்தில் சுற்றும்போது உதறல் விநாடிக்கு 66-க்கு மேல் போய்விடுகிறது, தாளம் 20 ஆனாலும் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல், ஆகவே உடம்புக்குத் தெரிகிற குலுக்கல் குறைந்துவிடும். ஆனால் பழைய மவுண்டிங்கோடு ஒப்பிட்டால் அங்கேயும் நான்கு மடங்குதான் உள்ளே வருகிறது. அது குலுக்கலாக வராமல் காதை அடைக்கிற ஒரு "பூம்" சத்தமாக வரும், ஹைவேயில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வரும், பாட்டை சத்தமாக வைத்தால் மறைந்துவிடும். டெஸ்ட் டிரைவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டேன். ஓடியதாம்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. குறை சொல்லிக்கொண்டு போனால் ஐடிலை 950-க்கு ஏற்றி அனுப்புவார்கள். உதறல் 25-இலிருந்து 32 பக்கம் போகும், குலுக்கல் நிஜமாகவே குறையும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஒவ்வொரு சிக்னலிலும் கூடுதலாக எரிகிற பெட்ரோல் மட்டும் அவர் கணக்கில்.

ஆயிரம் கிலோமீட்டரில் செட் ஆகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டும்போது மவுண்டிங் லேசாக முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கொஞ்ச நாளில் அது தளர்ந்து ஓரளவு குறையும், உண்மைதான். அதனால்தான் எல்லா போல்ட்டையும் பாதி முறுக்கி, இன்ஜினை அசைத்து உட்காரவிட்டு, அதற்கப்புறம் இறுக்கவேண்டும் என்பார்கள். போலோவில் டாக்போன் போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் ரகம், கழற்றினால் புதிதுதான் போடவேண்டும், எத்தனை கடைகளில் போடுகிறார்களோ. ஆனால் 85 ஹார்ட்னஸ் ஓடி ஓடி 55 ஆகாது. ஆயிரம் கிலோமீட்டரில் செட் ஆவது மவுண்டிங் இல்லை, ஓட்டுகிறவன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறைதான் ஏறுகிறார்கள், அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதல் முறைதான்.

பவர் வீணாவது பற்றி. மவுண்டிங் என்பது ஓட்டை விழுந்த குழாய் இல்லை, அது வழியாகப் பவர் ஒழுகுவதற்கு. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் இன்ஜின் கொஞ்சம் சாய்ந்து ரப்பரை அமுக்கும், அமுங்கி முடிந்ததும் சுழற்றுகிற விசையான டார்க் முழுக்கச் சக்கரத்துக்குத்தான் போகும். முதல் கணத்தில் ஒரு சின்னத் தாமதம், அவ்வளவுதான். கெட்டி மவுண்ட் போட்டால் அந்தத் தாமதம் குறைந்து வண்டி சுறுசுறுப்பாகத் தோன்றும். தோன்றுவது பொய் இல்லை, ஆனால் அதற்கும் குதிரைசக்திக்கும் சம்பந்தமில்லை. சக்கரம் துள்ளுவது மட்டும் நிஜமான பிரச்சினை. டயர் பிடித்து வழுக்கிப் பிடித்து வழுக்கும்போது இன்ஜினும் ஊஞ்சலில் சேர்ந்து ஆடும், ஒன்றையொன்று ஏற்றிவிடும், சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்டுக்குக் கெடுதல். அதைத் தடுக்க டாக்போனைக் கெட்டியாக்கினால் பெரும்பாலும் போதும், மேலே இருக்கிற இரண்டைத் தொடவே வேண்டாம். ஊஞ்சல் வீசுகிறது என்றால் காலைப் பிடிக்கவேண்டும், சங்கிலியைக் கழற்றிவிட்டு உத்தரத்தில் ஆணி அடிப்பானேன்?

அதிலும் இந்த வண்டிக்கு அதுகூட முதல் தேவை இல்லை. கழற்றிப்போட்ட டாக்போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன், ரப்பர் ஒரு பக்கம் விரிசல் விட்டு விரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. 2014 வண்டி, 90,000 கிலோமீட்டர் ஓடியது, சூடும் ஆயிலும் பட்டால் இயற்கை ரப்பர் அப்படித்தான் ஆகும், ஆயில் அதற்கு விஷம். ஆடியது கிழிந்த ரப்பர். புதிதாகக் கம்பெனி டாக்போன் ஒன்றை மாட்டியிருந்தாலே பாதித் துள்ளல் போயிருக்கும். கெட்டி மவுண்ட் போட்டதும் வண்டி இறுக்கமாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களில் பலர் சந்தோஷப்படுவது கிழிந்ததை மாற்றிய சந்தோஷம் என்பது என் அனுபவம்.

கெட்டி மவுண்ட் கூடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு காஞ்சிபுரம் போகிற வழியிலேயே இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டித்தான் போனோம். 1990-இலிருந்து ரேஸ் டிராக் இருக்கும் ஊர். அங்கே ஓடுகிற வண்டியில் ரப்பரே இல்லாமல் அலுமினியக் கட்டை போட்டாலும் தப்பில்லை, ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு அரைமணி நேரம் உட்காரப் போகிறார், சிக்னலில் நிற்கப்போவதில்லை. 1967-இல் வந்த லோட்டஸ் 49 ஃபார்முலா ஒன் காரில் இன்ஜினையே சேஸிஸின் ஒரு பாகமாக வைத்து நேராக போல்ட் போட்டு இணைத்தார்கள், இன்று வரை ஃபார்முலா ஒன்னில் அப்படித்தான். திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட்டில் இன்ஜினை நேராக ஃபிரேமில் முறுக்கியிருப்பார்கள், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, கை மரத்துப்போகும், அதைத்தான் ரசித்து வாங்குவார்கள். ரசிக்கிறவர் தனியாகப் போகிறார். காரில் அப்படியில்லையே.

ரப்பரில் இன்ஜினைத் தொங்கவிடுவது ஏதோ சொகுசுக்காரர்கள் சமீபத்தில் சேர்த்த பூச்சு என்று சில பையன்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1931-லேயே பிளிமத் காரில் நான்கு சிலிண்டர் இன்ஜினின் குலுக்கலை அடக்க, இன்ஜின் தன் எடை மையத்தைச் சுற்றியே ஆடுகிற மாதிரி ரப்பர் மவுண்டிங் வைத்து, "மிதக்கும் பவர்" என்ற பொருளில் பெயர் சூட்டி விற்றார்கள். மறு வருஷமே பிரான்ஸில் சிட்ரோன் அந்த உரிமையை வாங்கி, காரின் முன்னால் ஒரு அன்னப்பறவைச் சின்னத்தை வைத்தது. இன்று நம் திருவள்ளூரில் கார் செய்கிறார்களே, அதே சிட்ரோன்தான். அன்னம் மாதிரிப் போகவேண்டும் என்று அவர்கள் 90 வருஷத்துக்கு முன்னால் பட்ட பாட்டை நாம் காசு கொடுத்துக் கழற்றுகிறோம்.

உடம்பு கெடுமா என்று அக்கா கேட்டாள். பயமுறுத்துவது சுலபம், ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்பை அதிகம் பாதிப்பது விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான மேலும் கீழுமான ஆட்டம், பள்ளத்தில் போகிற டிராக்டர் ரகம். 25 என்பது அதைவிட மேலே, சீட் ஃபோமும் அதில் கொஞ்சத்தை விழுங்கும். ஆகவே முதுகெலும்பு போய்விடும் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கையும் காலும் மரத்த மாதிரி இருக்கும், கண்ணாடியில் பார்வை தடுமாறும், இரண்டு மணி நேரம் போனால் காரணமே தெரியாமல் எரிச்சல் வரும். நிச்சயதார்த்த வீட்டில் அக்கா யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்தது, அது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம்.

முக்கியமாக ஒன்று, இதைக் கட்டாயம் போடுங்கள். இப்போது ரோட்டில் வருகிற சின்ன வண்டிகளில் நிறைய மூன்று சிலிண்டர். போலோ ஜிடி டிஎஸ்ஐயே 2020-இல் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டருக்கு மாறியது, 2024-இல் வந்த புது ஸ்விஃப்ட்டும் மூன்று சிலிண்டர்தான். இதில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை அடிதான், 800 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 20. அதோடு இன்ஜின் ஒரு ஓரம் ஏறி ஒரு ஓரம் இறங்குகிற ஆட்டம் வேறு, அது விநாடிக்கு 13 சொச்சம். கெட்டி மவுண்ட் போட்டுத் தாளத்தை 17-க்கு ஏற்றினால், போய் நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில், பூட்டு பைத்தியம் பிடித்துக் குதிக்குமே, அதற்குப் பக்கத்து இடம். நான்கு சிலிண்டரில் கிரைண்டர் என்றால் இதில் ஷேர் ஆட்டோ. நான்கு சிலிண்டர்காரர் சொன்ன அனுபவத்தை நம்பி மூன்று சிலிண்டர்காரர்கள் மவுண்டிங்கில் கை வைக்கவேண்டாம். மவுண்டிங்கின் இடைவெளிகளில் கண்ணாடி ஒட்டுகிற பேஸ்டை அடைத்துக் காய வைக்கிற வேலையும் நடக்கிறது, மலிவு என்று. அதில் எத்தனை கெட்டியாகும் என்று அடைத்தவருக்கே தெரியாது, பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுக்கவும் முடியாது.

இதற்குச் சட்டம் போடுங்கள் என்று கேட்கவில்லை. கம்பெனி விவரக்குறிப்பை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது, அதை வைத்துக்கொண்டு எந்த இன்ஸ்பெக்டரும் பானட்டைத் திறந்து ரப்பரை அமுக்கிப் பார்க்கப்போவதில்லை. நான் கேட்பது விற்கிறவரிடம். பெட்டியில் ஹார்ட்னஸ் நம்பரை அச்சடியுங்கள், மூன்றும் வேண்டுமா கீழே ஒன்று போதுமா என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், ஏற்கெனவே மாட்டிய வண்டி ஒன்றில் ஏசியைப் போட்டு, பாட்டை நிறுத்தி, ஐந்து நிமிஷம் நின்ற இடத்தில் உட்காரவையுங்கள். ஓட்டிக் காட்டவேண்டாம், நிறுத்திக் காட்டுங்கள். அதற்கப்புறமும் வேண்டும் என்றால் தாராளமாக மாட்டிக்கொள்ளட்டும், அவரவர் வண்டி அவரவர் பல்.

உங்கள் கட்டுரையாளரிடமும் ஒன்று. அதிர்வு பழகிவிடும் என்று எழுதுவதற்கு முன்னால் அந்த மாதிரி வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை பூந்தமல்லி வரை போய்வரச் சொல்லுங்கள்.

எங்கள் வண்டி என்ன ஆயிற்று என்றால், மேலே இரண்டும் புதிதாகக் கம்பெனி மவுண்டிங்கே மாட்டினோம். கீழே புது கம்பெனி டாக்போன், அதன் இடைவெளியில் செருகுகிற 70 ஹார்ட்னஸ் பாலி துண்டு ஒன்று, வாங்கும்போது ஷோர் மீட்டரைக் கையோடு எடுத்துப் போனேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் லேசாக ஒரு உறுமல் தெரிகிறது, சூடானதும் போய்விடுகிறது. சக்கரம் துள்ளுவது நின்றுவிட்டது. பிள்ளையார் அசையவில்லை.

அந்தச் சிவப்பு மிட்டாய் மூன்றும் பெட்டியில் கிடந்தன. மருமகன் போட்ட காசில் பாதியாவது வரட்டும் என்று ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டான். போன சனிக்கிழமை ஒரு பையன் வாங்க வந்தான், இருபத்திரண்டு வயசிருக்கும், அவனுக்கும் போலோதான். அவன் பணத்தை எடுத்து நீட்டுவதற்குள் நான் கேட்டுவிட்டேன், "தம்பி, வீட்ல அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க சார், ஏன்?"

பெட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டேன். மருமகனுக்கு என்மேல் இன்னும் கோபம், அந்தப் பையனுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்து, டாக்போனைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரப்பர் மோல்டிங் தொழிலாளி,
அம்பத்தூர்.